தமிழ் வரிகள்: 0

எங்கட ஊர்ப் பழைய பாடசாலை மலர்களைத் தேடக்கூடிய எழுத்தா மாத்தணும், அவ்வளவுதான் திட்டம். நாங்க மூணு பேரும் கலைப்பீடம். கோட் எழுதத் தெரிஞ்சது யூடியூப் பார்த்துப் படிச்ச அளவுக்குத்தான். ஆனா டெசரக்ட் இருக்கே! எச்.பி. கம்பனியில 1985இல் தொடங்கி, 2005இல் திறந்த மூலமா வெளிவந்த எழுத்துணரி. தமிழும் வாசிக்கும், காசும் இல்ல.

கூட்டாளி ஒருத்தன்ட புது லப்டொப்பில அதை பில்ட் பண்ணினோம். 'வேகமா ஓடும்' என்று எங்கயோ வாசிச்ச மார்ச்-நேட்டிவ் என்ற ஃப்ளாக்கையும் சேர்த்துப் போட்டோம். பிறகு வாப்பாட கடையில கிடந்த பழைய கம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணி ஓட்டினா, 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரு வரி, அதோட நின்டுட்டு. வைரஸ் என்றுதான் முதல்ல நினைச்சோம்.

விஷயம் இதுதான். அந்த ஃப்ளாக்கைப் போட்டா, பில்ட் பண்ற மெஷின்ல என்னென்ன கட்டளைகள் இருக்கோ அத்தனையையும் கொம்பைலர் தாராளமாப் பாவிக்கும். ஏ.வி.எக்ஸ். கட்டளைகள் இன்டெல் சிப்புகளுக்கு வந்ததே 2011இல்தான். கடைக் கம்பியூட்டர் அதுக்கு முந்தினது. டெசரக்டை எழுதினவங்க இதை யோசிச்சு, ஓடும்போது சிப்பைப் பார்த்துத் தெரிவு செய்யிற மாதிரி எழுதியிருக்காங்க. நாங்கதான் கெடுத்தது.

அடுத்து ஒரு ராஸ்பெரி பை கிடைச்சது. அது ஆர்ம் சிப். லப்டொப்பில செஞ்சது அங்க தொடங்கவே இல்ல, அதனால பையிலயே திரும்ப பில்ட் பண்ணினோம். டெசரக்ட் ஓடிச்சு. ஆனா தமிழ் வரிகளை எண்ண நாங்களே சி மொழியில எழுதின குட்டி நிரல் பக்கத்துக்குப் பக்கம் ஒரே விடையைத்தான் சொன்னது: தமிழ் வரிகள் 0. அதே நிரல் லப்டொப்பில சரியா எண்ணினது!

யூனிகோட் யூ.டி.எஃப்-8இல் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூணு பைட். முதல் பைட் எப்பவும் 224. சார் என்ற வகை லப்டொப்பில குறியோட இருக்கும், அங்க 224 என்பது -32 ஆகும். ஆர்ம் லினக்ஸில குறி இல்ல, 224 அப்படியே 224தான். நாங்க 'பூச்சியத்துக்குக் கீழ என்றா தமிழ்' என்று எழுதியிருந்தோம். எஃப்-சைன்ட்-சார் ஃப்ளாக்கைப் போட்டா ரெண்டு இடத்திலயும் ஒரே மாதிரி ஓடும். ஆனா அன்சைன்ட் சார் என்று கோடிலயே எழுதி, 127ஐ விடப் பெரிசா என்று பார்க்கிறதுதான் ஒழுங்கான வேலை. டபிள்யூ-எக்ஸ்ட்ரா ஃப்ளாக் போட்டிருந்தா கொம்பைலரே முன்கூட்டிச் சொல்லியிருக்கும். எச்சரிக்கை வரிகள் கண்ணுக்கு அசிங்கம் என்று நாங்கதான் போடல.

இதுலதான் எங்களுக்குக் கோபம். ஆங்கில எழுத்தெல்லாம் 127க்குள்ள முடிஞ்சிரும். ஆங்கிலத்தை மட்டும் வச்சு டெஸ்ட் பண்ற ஒருத்தருக்கு இந்தப் பிழை ஆயுசுக்கும் தெரியாது. நம்மட மொழியிலதான் வெடிக்கும். அப்ப அதைப் பிடிக்க வேண்டிய ஆளும் நம்மதானே? 'அது ஐ.டி. ஆக்கள்ட வேலை' என்று கலைப்பீடத்தில சொல்றதை இனி எங்களால ஏத்துக்க ஏலாது.

தமிழ்க் கருவி செய்து வெளியிடுறவங்கள்ட்டயும் ஒண்டு கேட்கணும். ஓடுற கோப்பை மட்டும் தந்துட்டுப் போகாதீங்க. மூலக் கோட், எந்தக் கொம்பைலர், என்ன ஃப்ளாக், எந்த நூலகம் என்று நாலு வரி எழுதி வைங்க. 2025 நவம்பர் 1 முதல், அண்ட்ரொய்ட் 15க்கும் அதுக்கு மேலும் செய்யிற செயலிகள் 16 கேபி நினைவகப் பக்கங்களுக்கு ஒத்துப்போகணும் என்று கூகுள் ப்ளே விதி வச்சிருக்கு. சி, சி++ நூலகம் உள்ள செயலி என்றா பெரும்பாலும் லிங்கர் ஃப்ளாக் ஒண்டை மாத்தித் திரும்ப பில்ட் பண்ணினாப் போதும். ஆனா மூலக் கோடைத் தொலைச்சுப்போட்ட ஒரு தமிழ் அகராதிச் செயலிக்கு அந்த ஒரு வரி மாற்றமும் எட்டாது.

கடைக் கம்பியூட்டரை நாங்க விடல. நேட்டிவ் இல்லாம திரும்ப பில்ட் பண்ணி, இப்ப அதுலதான் மலர்கள் ஓடுது. ஒரு பக்கத்துக்கு ஒரு பிளேன்டீ குடிச்சு முடியிற நேரம் எடுக்குது. 'ற'வையும் 'ந'வையும் இன்னும் மாத்தித்தான் வாசிக்குது, அதுக்கு ஃப்ளாக் ஒண்டும் இல்ல.