யானைக்கும் அடி சறுக்கும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.

யானை மண் மேல் நடக்கிறது. பனிக்கட்டி மேல் ஆடுகிறவர்களும் உலகில் உண்டு. அவர்கள் சறுக்கி விழுந்தால் அதில் ஆச்சரியம் என்ன?

ஆனால், விழுந்தவரைப் பார்த்து உலகம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதுதான் ஆச்சரியம்!

ஜப்பான் நாட்டுப் பெண் மாவோ அசாதாவின் கதையைக் கேளுங்கள்.

பனி மேல் நாட்டியம்

பனிச்சறுக்கு நடனம் என்று ஒரு கலை. அரங்கின் தரை முழுவதும் பனிக்கட்டி. காலணியின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு. இசைக்கு ஏற்ப வழுக்கிக்கொண்டே ஆட வேண்டும். நடுநடுவே துள்ளி எழ வேண்டும். காற்றில் பம்பரமாகச் சுழல வேண்டும். பிறகு ஒற்றைக் காலில் இறங்க வேண்டும்.

மற்றத் தாவல்களில் பின்பக்கமாக வழுக்கி வந்து எழும்புவார்கள். ஒரே ஒரு தாவலில் மட்டும் முன்பக்கம் பார்த்தபடி எழும்ப வேண்டும். அதனால் அரைச் சுற்று கூடுதலாகச் சுழல வேண்டும். மூன்றரைச் சுற்று! அதுவும் ஒரு நொடிக்குள். பெண்களில் இதைச் செய்து காட்டியவர்கள் மிகச் சிலரே.

மாவோ அதைச் சிறு வயதிலேயே செய்தாள்.

1990-ம் ஆண்டு செப்டம்பரில் நகோயா நகரில் பிறந்தவள் அவள். 5 வயதில் பனியில் கால் வைத்தாள். 2005 டிசம்பரில், 15 வயதில், உலகின் முன்னணி ஆட்டக்காரிகளை வென்று கிராண்டு பிரீ இறுதிப் போட்டியில் முதல் பரிசு பெற்றாள்.

இரண்டு மாதத்தில் இத்தாலியில் ஒலிம்பிக் பந்தயம். மாவோவால் போக முடியவில்லை. 2005 ஜூலை 1-ந் தேதிக்கு முன் 15 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மாதம்கூடக் குறையவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

2010-ல் கனடாவின் வான்கூவரில் ஒலிம்பிக். அங்கே மூன்றரைச் சுற்றுத் தாவலை மூன்று தடவை செய்தாள். ஒரே போட்டியில் இதைச் செய்த முதல் பெண் அவளே. ஆயினும் வெள்ளிப் பதக்கம்தான் கிடைத்தது. தங்கம், அவள் பிறந்த அதே மாதத்தில் பிறந்த கொரியாவின் கிம் யுனாவுக்குப் போயிற்று.

அடுத்த தடவையாவது தங்கம் வரும் என்று ஜப்பான் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் தோளில்!

இதற்கு நடுவே 2011 டிசம்பரில் தாய் இறந்தார். போட்டிக்காகக் கனடா சென்றிருந்த மகள், சேதி கேட்டு விரைந்து திரும்பினாள். தாயை உயிரோடு காணக் கொடுத்து வைக்கவில்லை.

16-வது இடம்

2014 பிப்ரவரி 19-ந் தேதி. ரஷியாவின் சோச்சி நகரில் ஒலிம்பிக். மாவோவுக்கு அப்போது 23 வயது.

முதல் நாள் குறும் ஆட்டம். ஏறத்தாழ 3 நிமிடம். மறுநாள் நீண்ட ஆட்டம். அது 4 நிமிடம். இரண்டு மதிப்பெண்களையும் கூட்டிப் பரிசு தருவார்கள்.

குறும் ஆட்டத்தில் முதல் தாவலிலேயே மாவோ விழுந்தாள். அதன் பின்னும் பிழைகள். 55.51 மதிப்பெண். 16-வது இடம்! தனக்கே ஒன்றும் விளங்கவில்லை என்றாள் அவள்.

ஆயிரம் தடவை செய்த வேலை அன்று மட்டும் ஏன் தவறியது?

பயம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. தசைகள் இறுகுகின்றன. அது மட்டும் அல்ல. பழகிய வேலையை உடம்பு தானே செய்யும். பயந்த மனமோ அதை நம்பி விடாது. ஒவ்வோர் அசைவையும் கண்காணிக்கப் பார்க்கும். படி இறங்குகிறவர் காலையே எண்ணிக்கொண்டு இறங்கினால் தடுமாறுகிறார் அல்லவா? அப்படித்தான் இதுவும். ஒரு நொடிக்குள் மூன்றரைச் சுற்று சுழலும்போது இம்மி அளவு தடுமாற்றம் போதும்.

இரண்டு பெரியவர்கள்

மறுநாள் ஜப்பானில் ஒரு கூட்டம். முன்னாள் பிரதம மந்திரி யோஷிரோ மோரி பேசினார். முக்கியமான நேரத்தில் அந்தப் பெண் எப்போதும் விழுந்து விடுகிறாள் என்று சொன்னார்.

"எப்போதும்" என்ற சொல் சரியா? 2008-ம் ஆண்டு உலகப் போட்டியில் மாவோ ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பலமாக விழுந்தாள். எழுந்து ஆடினாள். உலக சாம்பியன் ஆனாள்! விழுந்ததை நினைவில் வைப்பவர்கள் எழுந்ததை மறந்து விடுகிறார்கள்.

சோச்சியில் இன்னொரு பெரியவர் இருந்தார். அவர் மாவோவின் பயிற்சி ஆசிரியர் நொபுவோ சாதோ. 72 வயது. 1960, 1964 ஒலிம்பிக் பந்தயங்களில் தாமே ஆடியவர். அரங்கில் நிற்பவரின் நடுக்கம் அவருக்குத் தெரியும்.

நீண்ட ஆட்டத்துக்கு முன் அவர் மாவோவிடம் சொன்னது இதுதான்: ஏதாவது நேர்ந்தால் நான் வந்து உனக்கு உதவுவேன்.

இதில் தங்கம் இல்லை. வெற்றி இல்லை. நாட்டின் பெயர் இல்லை. நீ விழுந்தாலும் நான் இருப்பேன் என்பது மட்டுமே இருக்கிறது.

அந்த 4 நிமிடம்

மாவோ பனியில் இறங்கினாள். முதல் நாள் விழவைத்த அதே மூன்றரைச் சுற்றுத் தாவல். எழும்பினாள். சுழன்றாள். இறங்கி நின்றாள்!

மூன்று சுற்றும் அதற்கு மேலும் சுழலும் தாவல்கள் மொத்தம் எட்டு. ஒன்றில்கூட அவள் விழவில்லை. இசை நின்றதும் மேலே நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் பெருகியது. பிறகு சிரித்தாள்.

142.71 மதிப்பெண். நீண்ட ஆட்டத்தில் அதுவரை அவள் பெறாத மதிப்பெண் அது. அந்த ஆட்டத்தில் மூன்றாவது இடம்.

ஆனால், முதல் நாள் இழந்தது இழந்ததுதான். மொத்தத்தில் 6-வது இடம். பதக்கம் இல்லை. ஒலிம்பிக் தங்கம் அவளுக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

நாடு திரும்பியதும் மோரியின் பேச்சைப் பற்றி நிருபர்கள் கேட்டார்கள். மனிதர் தவறுவது உண்டு, விரும்பி யாரும் தவறுவதில்லை என்றாள் மாவோ. அவரே இப்போது கொஞ்சம் வருந்திக்கொண்டிருப்பார் என்றும் சொன்னாள். கோபம் இல்லாத பதில்!

அடுத்த மாதமே சைதாமாவில் உலகப் போட்டி. தயங்காமல் போனாள். மூன்றாம் தடவையாக உலக சாம்பியன் ஆனாள். 2017-ல் போட்டிகளை விட்டு விலகினாள். 2024-ல் தோக்கியோவின் தச்சிகாவாவில் அவள் பெயரிலேயே பனிச்சறுக்கு அரங்கு திறக்கப்பட்டது.

நம் வீட்டில்

பரீட்சை எழுதும் பிள்ளைகள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். மேடை ஏறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நன்றாகத் தெரிந்தும் அந்த நேரத்தில் நடுங்கிப் போகிற பிள்ளை உண்டு.

"நீ எப்போதும் இப்படித்தான்" என்று அந்தப் பிள்ளையைத் திட்டுவது தவறு. இது எல்லோருக்கும் தெரியும். "நீ கட்டாயம் முதல் பரிசு வாங்கி வருவாய், எனக்குத் தெரியும்" என்று கொஞ்சுவதும் பாரமே. இது பலருக்குத் தெரியாது. வாங்காவிட்டால் அம்மா முகம் எப்படி இருக்கும், அப்பா முகம் எப்படி இருக்கும் என்று பிள்ளை எண்ணத் தொடங்கி விடுகிறது. அந்த எண்ணம்தான் காலை வழுக்கி விடுகிறது.

திறமையைப் பிள்ளை பயிற்சியில் வளர்த்துக்கொள்ளும். தைரியத்தில் பாதியை நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய பேச்சு வேண்டாம்.

"போய் வா. எப்படி நடந்தாலும் நாங்கள் இருக்கிறோம்."

இதைச் சொல்லுங்கள். பரிசு வராமல் திரும்பி வரும் நாளிலும் இதையே சொல்லுங்கள்.