கண் ஆடினால் போதை என்று விட்டுவிடாதீர்கள்

குடித்தவர் தள்ளாடினால் போதை என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. பாபநாசம் பக்கம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அப்படித் தூக்கி வரப்படுகிறவர்களிடம் முதலில் கண்ணைத்தான் பார்ப்பேன். தலையை அசைக்காமல் என் விரலைப் பார்க்கச் சொல்வேன். ஓரத்துக்குப் போன கருவிழி நிலைகொள்ளாமல் துடித்துத் துடித்துத் திரும்பினால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நிஸ்டாக்மஸ் எனப்படும் இந்தக் கண்ணாட்டம் ஓர் அறிகுறி. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே வரும். அது வேறு கதை. உட்காதுக் கோளாறு, சிறுமூளைப் பாதிப்பு, வலிப்பு மாத்திரை அளவு மீறுவது ஆகியவையும் காரணங்கள். போதையே கண்ணை ஆட்டும் என்பதால்தான் ஏமாந்துபோகிறோம்.

சோறு இறங்காமல் நாள் கணக்கில் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வற்றிவிடும். உடம்பில் அதன் இருப்பே இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். அது தீர்ந்தால் வருபவை கண்ணாட்டம், நடைத் தள்ளாட்டம், புத்தித் தடுமாற்றம்: 1881இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த மூளைப் பாதிப்பு இது. மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சத்து நெல்லின் தவிட்டில்தான் இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது அரிசிக்குள் இறங்கிவிடுவதால் நம் புழுங்கலரிசி தீட்டிய பிறகும் அதில் கொஞ்சத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. தட்டையே தொடாதவருக்கு டெல்டாவில் எத்தனை மூட்டை நெல் விளைந்து என்ன?

என் கோபமெல்லாம் குளுக்கோஸ் பாட்டில் மேல்தான். மயங்கிக் கிடந்தால் உடனே அதை மாட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். குளுக்கோஸை எரிக்க உடம்புக்குத் தயமின் வேண்டும். மிச்சமிருந்த கொஞ்சமும் அதில் தீர்ந்துபோகும். தயமின் ஊசி முதலில் ஏற வேண்டும். ரத்தச் சர்க்கரை இறங்கியிருந்தால் தாமதிக்காமல் இரண்டும் சேர்ந்தே ஏறட்டும். விலை குறைந்த ஊசிதான். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது தீராமல் இருக்க வேண்டும். குடித்து மயங்கி வருபவருக்கு யோசிக்காமல் போட வேண்டும். பிறகு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம்.

நேரத்தோடு போட்டால் சில மணிகளிலோ நாட்களிலோ கண் அடங்கத் தொடங்கும். தவறவிட்டால் நினைவு போய்விடும். காலையில் வந்துபோன மகளை மத்தியானம் மறந்துவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு குடித்தார் என்பதோடு, கடைசியாக எப்போது ஒழுங்காகச் சாப்பிட்டார் என்பதையும் வீட்டுக்காரர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரக்கணக்கில் மசக்கை வாந்தியில் எதுவும் தங்காத பெண்ணுக்கும் இதே ஆபத்து உண்டு, இதே ஊசிதான்.