செல்போன் போடும் சாப்பாட்டுக் கணக்கு: மூட்டை தூக்குபவனுக்கும் பேனா பிடிப்பவனுக்கும் ஒரே அளவா?

ஒரு காலத்தில் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்ப்பவனைக் கஞ்சன் என்றார்கள். இன்று கணக்குப் பார்க்காதவனைப் பார்த்து, "உடம்பைக் கெடுத்துக் கொள்கிறான்" என்கிறார்கள்.

தாராவியில் நின்று இட்லி சாப்பிட்டாலும் சரி, மாட்டுங்காவில் காபி குடித்தாலும் சரி, நம் இளைஞர்கள் உடனே செல்போனை எடுக்கிறார்கள். "இட்லி 4, சட்னி 1 கரண்டி, காபி 1" என்று தட்டுகிறார்கள். இன்றைக்கு இத்தனை கலோரி ஆயிற்று, இன்னும் இத்தனை பாக்கி என்று செல்போன் சொல்கிறது. 'ஆப்' என்கிறார்களே, அந்தச் செயலி செய்கிற வேலை இது.

நல்ல பழக்கம்தான். குறை சொல்ல மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்த நோயின் வாசலில் நிற்கிறார்கள். இந்த நிலையில் ஒருவன் தன் தட்டைக் கணக்குப் பார்ப்பது அவசியம்.

ஆனால் ஒரு கேள்வி. செயலி சொல்லும் அந்த எண் யாருக்கானது?

எண் எங்கிருந்து வருகிறது?

செயலி முதலில் உங்கள் வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று கேட்கும். பிறகு எந்த மாதிரி வேலை என்று கேட்கும். வாரத்துக்கு எத்தனை கிலோ குறைய வேண்டும் என்றும் கேட்கும். இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு எண் தரும். "தினமும் 1,600 கலோரி" என்று போட்டுவிட்டால், அதுதான் திங்களுக்கும் ஞாயிறுக்கும், வேலை நாளுக்கும் லீவு நாளுக்கும்!

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ம் ஆண்டு நம் குன்னூரில் சிறு ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கி, 1958-ல் ஐதராபாத்துக்குப் போன நிறுவனம் அது. இந்த நிறுவனம் 2020-ல் ஒரு கணக்குக் கொடுத்தது. 65 கிலோ எடையுள்ள ஆண், உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 2,110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பு என்றால் 2,710. கடும் உழைப்பு என்றால் 3,470.

கவனியுங்கள். ஆள் ஒருவன்தான். எடையும் ஒன்றுதான். உழைப்பு மாறினால் 1,360 கலோரி வித்தியாசம்!

"தலை சுத்துது, அண்ணாச்சி!"

பார்சல் சுமக்கும் நம் பக்கத்துத் தம்பி ஒருவன் டீக்கடையில் என்னிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, செல்போன் 1,600-க்கு மேல சாப்பிடாதேங்குது. மூணு நாளா அப்படியே சாப்பிட்டேன். மூட்டையைத் தூக்கினா தலை சுத்துது."

"வேலை என்னன்னு கேட்டிருக்குமே தம்பி, என்ன போட்டே?"

"முதல்ல இருந்ததை அமுக்கினேன்."

முதலில் இருந்தது 'உட்கார்ந்த வேலை'. அதை நம்பி, எடை குறைய வேண்டும் என்று மேலும் 500 கலோரியைக் கழித்திருக்கிறது செயலி. கடும் உழைப்பாளிக்கு வேண்டிய 3,470-ல் இது பாதிகூட இல்லை. எல்லாம் இங்கிலீஷில் இருந்தால் அவன் என்ன செய்வான்?

குமாஸ்தா கதை இதற்கு நேர் எதிர். கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை லோக்கல் வண்டியில் நசுங்கி வருவதைக் கடும் உழைப்பு என்று நினைத்து, 'நடுத்தர உழைப்பு' என்று போட்டு விடுகிறார். ஆபீசில் எட்டு மணி நேரம் நாற்காலி. செயலி 600 கலோரி கூடுதலாக அனுமதி கொடுக்கிறது. அது வயிற்றில் போய்ச் சேருகிறது.

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு

ஊரை விட்டு வந்து பிழைக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வெறும் சாப்பாடு அல்ல. அன்றுதான் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. செயலியோ அன்று சிவப்பு நிறத்தில் "அளவு மீறிவிட்டது" என்று காட்டுகிறது. இரண்டு ஞாயிறு சிவப்பைப் பார்த்தவன் மூன்றாவது வாரம் செயலியையே அழித்துவிடுகிறான். போனது செயலி மட்டுமா? கணக்குப் பார்க்கும் பழக்கமும் போயிற்று.

வாரக் கணக்காகப் போட்டால் என்ன? ஒரு நாளைக்கு 2,100 என்றால் வாரத்துக்கு 14,700. ஆறு நாள் 2,000 வீதம் சாப்பிட்டால் 12,000. ஞாயிறு 2,700 சாப்பிடலாம். கூட்டிப் பாருங்கள், அதே 14,700 தான்! கிருத்திகை, புரட்டாசி சனி என்று விரதம் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இரவு ஷிப்டுக்காரர் பாடு இன்னும் மோசம். செயலிக்கு நள்ளிரவு 12 மணியோடு நாள் முடிந்து விடுகிறது. அவருக்கோ அப்போதுதான் பாதி வேலை ஆகியிருக்கும். ஒரே ஷிப்டில் சாப்பிட்டது இரண்டு நாள் கணக்கில் ஏறுகிறது. நாள் எப்போது தொடங்குகிறது என்று சொல்லும் உரிமை உழைப்பவனுக்கு வேண்டாமா?

வளைந்து கொடுத்தால் ஒழுங்கு கெடுமா?

"இஷ்டத்துக்கு மாற்றினால் அது என்ன கட்டுப்பாடு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ரெயில்வேயில் கால அட்டவணை போடுகிறவர்களைக் கேளுங்கள். தண்டவாள வேலை நடந்தால் வண்டி மெதுவாகப் போக வேண்டியிருக்கும் என்று, முன்கூட்டியே சில நிமிடங்களைச் சேர்த்துத்தான் நேரம் போடுகிறார்கள். அதனால் ஒழுங்கு கெட்டதா? அந்த நிமிடங்கள் இருப்பதால்தான் வழியில் தாமதமான வண்டியும் கடைசி ஸ்டேஷனுக்கு நேரத்தோடு வந்து சேர முடிகிறது.

இன்னொன்று. நாம் போடும் கணக்கே துல்லியம் கிடையாது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் சோற்றில் சுமார் 130 தான். அரிசி எடையா, சோற்று எடையா என்று தெரியாமல் தட்டினால் கணக்கு எங்கோ போய்விடும். தாளிக்கும்போது ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் கூடினால் 120 கலோரி கூடும். இந்த நிலையில் "1,847 கலோரி" என்று ஒற்றைப்படை வரை குறி வைப்பதில் என்ன அர்த்தம்? "1,950 முதல் 2,250 வரை" என்று மேல் வரம்பும் கீழ் வரம்பும் போடுவதுதான் நேர்மையான கணக்கு.

எது வளையக் கூடாது?

எல்லாமே வளையட்டும் என்று நான் சொல்லவில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு. 65 கிலோ ஆணுக்குச் சுமார் 54 கிராம். இது தரை. இதற்குக் கீழே போகக் கூடாது. பருப்பு, நிலக்கடலை, கொண்டைக் கடலை, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது வந்தால்தான் அது நிறையும். சோறும் ரசமும் மட்டும் போதாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இது கூரை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. செயலி டாக்டர் அல்ல.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட 350 கலோரி கூடுதலாக வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் 600 கூடுதலாக வேண்டும். கர்ப்பத்துக்கு முன் போட்ட 'எடை குறைப்பு' எண் செயலியில் அப்படியே கிடந்தால் அது தாய்க்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. "உங்கள் நிலை மாறியிருக்கிறதா?" என்று மாதம் ஒரு முறை செயலியே கேட்க வேண்டும்.

காசு உள்ளவனுக்கு மட்டுமா?

நாளுக்கு ஒரு அளவு வைக்கும் வசதி சில செயலிகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சந்தா கட்டினால்தான் திறக்கும்! ஆண்டு முழுவதும் ஒரே நாற்காலியில் உட்காருபவனுக்கு இந்த வசதி அவ்வளவு தேவையில்லை. இன்று மூட்டை, நாளை வேலை இல்லை, அடுத்த நாள் இரட்டை ஷிப்டு என்று பிழைப்பவனுக்குத்தான் தேவை. அவனால் சந்தா கட்ட முடியாது. தேவை ஒரு பக்கம், வசதி ஒரு பக்கம்!

செயலி செய்கிறவர்களுக்கு நம் கோரிக்கை நான்கு. ஒன்று, மாற்றிக் கொள்ளும் அளவை இலவசமாகக் கொடுங்கள். இரண்டு, தமிழில் கேளுங்கள். 'மூட்டை தூக்கும் வேலை', 'நாற்காலி வேலை' என்று பச்சையாகக் கேளுங்கள். மூன்று, நாள் தொடங்கும் நேரத்தை நாங்கள் வைத்துக் கொள்கிறோம். நான்கு, ஆபத்தான அளவுக்குக் கீழே ஒருவன் எண்ணைப் போட்டால் தடுத்து நிறுத்துங்கள்.

அது வரும்வரை நாம் செய்யக் கூடியதும் உண்டு. செயலியில் 'வேலை வகை' என்ற இடத்தைத் திறந்து, நீங்கள் உண்மையில் செய்யும் வேலை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையிடம் படிக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைப் பார்த்துப் பயப்படாமல், சனிக்கிழமை இரவு ஏழு நாளையும் கூட்டிப் பாருங்கள். தலை சுற்றினால் முதலில் சாப்பிடுங்கள், பிறகு கணக்குப் பாருங்கள்.

உழைக்கும் உடம்புக்காகத்தான் கணக்கு. கணக்குக்காக உடம்பு அல்ல!