பென்டிரைவில் சுற்றும் செயின் கணக்கு

கோவையிலும் அம்பத்தூரிலும் ரோலர் செயின் தயாராகிறது. அதை மாட்டி ஓடும் கன்வேயர்களையும் அரிசி ஆலை இயந்திரங்களையும் செய்யும் சிறு பட்டறைகளும் அங்கிருந்து வெகுதூரத்தில் இல்லை. பல பட்டறைகளில் டிசைன் ஆபீஸ் என்பதே ஓர் எக்ஸெல் ஷீட்தான். மோட்டார் கிலோவாட், சுற்று வேகம், ஸ்ப்ராக்கெட் பற்கள், ஷாப்ட்டுகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றைத் தட்டினால் எந்தச் செயின், எத்தனை லிங்க் என்று நொடியில் சொல்லிவிடும். எழுதியவர் யார்? முன்பு வேலை பார்த்தவர் விட்டுப்போனது என்பார்கள். அதற்கு மேல் பதில் இருக்காது.

விலை உயர்ந்த மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஒழித்துக்கட்டச் சொல்வது வீண்பேச்சு. ஆனால் எல்லோரும் நம்பும் ஒரு கணக்குக்கு யாருமே பொறுப்பில்லை என்பதை எப்படி ஏற்பது?

தவறு நுழையும் வாசல் மிகச் சிறியது. கிலோகிராம் விசையில் எழுதிய பழைய சூத்திரத்தில் 102 என்ற எண் வரும். நியூட்டனில் எழுதினால் அது 1000. புதிய கேட்டலாக்கில் இருக்கும் நியூட்டன் மதிப்பைப் பழைய சூத்திரத்தில் ஒட்டினால், செயின் தாங்கும் திறன் கிட்டத்தட்ட 10 மடங்காகத் தெரியும். கட்டம் பச்சையாகவே இருக்கும். இன்னொன்று: அறுந்துபோகுமா என்று மட்டும் பார்க்கும் ஷீட், இடம் மிச்சம் என்று 11 பல் ஸ்ப்ராக்கெட் போட்டாலும் தேர்ச்சி தந்துவிடும். 11 பல்லில் செயினின் வேகம் ஏறத்தாழ 4% ஏறி இறங்கும். 17 பல்லில் 1.7% தான். அந்த உதறலின் விலையைக் கொடுப்பது ஷீட் அல்ல, செயினும் பேரிங்கும். செயின் அறுந்தால் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியும்.

பெரிய அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம்.

பட்டறை உரிமையாளர் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர், திருத்திய தேதி, பின்பற்றிய தரநிலை மூன்றையும் போடட்டும். சூத்திரக் கட்டங்களைக் கைபடாமல் பூட்டலாம். கண்ணுக்கு மறைக்கக் கூடாது. செயின் நிறுவனங்கள் அட்டவணைகளைப் படமாகத் தராமல், தேதியிட்ட விரிதாளாகவே தரலாம். பொறியியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் ஒரே கணக்கைப் போடச் சொல்வதை விட்டு, பக்கத்துப் பட்டறையின் ஷீட்டைச் சோதிக்கும் வேலையை மாணவர்களிடம் கொடுக்கலாம். சரிபார்த்ததைப் பொதுவில் வைக்கத் தொழில் சங்கங்கள் இருக்கின்றன. பிட்டரை மறந்துவிடக் கூடாது. செயின் 3% நீண்டால் மாற்ற வேண்டும் என்பது பொது விதி. அந்த நிலை எத்தனை மாதத்தில் வந்தது என்று அவர் குறித்துத் தருவதே ஷீட்டுக்குக் கிடைக்கும் உண்மையான மதிப்பெண். இன்று அந்தத் தகவல் செயினோடு சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

தொடக்கமாக ஒரு சோதனை. 12.7 மி.மீ. பிட்ச், 17 பல், நிமிடத்துக்கு 500 சுற்று, 2.2 கிலோவாட். கையால் போட்டால் வேகம் வினாடிக்கு 1.8 மீட்டர், இழுவிசை சுமார் 1,220 நியூட்டன். இதே எண்களை உங்கள் ஷீட்டில் கொடுத்துப் பாருங்கள். விடை வேறாக வந்தால், காரணம் தெரியும்வரை அந்த ஷீட்டை நம்பி ஒரு செயினும் வாங்காதீர்கள்.