உயிலை ராயல் ப்ளூவில் எழுதாதீர்கள்

போன மாதம் காலை நடைக்குப் போன இடத்தில் ஒரு நண்பரோடு சண்டை போட்டுவிட்டேன். எழுபத்தைந்து வயதில் சண்டை போடுகிற அளவுக்கு அப்படி என்ன விஷயம் என்று கேட்பீர்கள். மை. பேனாவில் ஊற்றுகிற மை.

அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த நாளுக்குப் பேரன் ஒரு நல்ல பவுண்டன் பேனாவும், கூடவே ஒரு புட்டி நீல மையும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். பூங்காவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டினார்.

"ராயல் ப்ளூ சார். என்ன நிறம் பாருங்க! ஸ்கூல் ஞாபகம் வருது."

நானும் எழுதிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. "இதுல என்ன எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"உயில் எழுதிக்கிட்டு இருக்கேன் சார். டைப் அடிக்க மனசு வரல. நம்ம கையாலேயே இருக்கட்டுமேன்னு."

அங்கேதான் ஆரம்பித்தது. உயிலைப் போய் ராயல் ப்ளூவில் எழுதுவார்களா என்று நான் கேட்க, "பேனாவுக்கு அதுதான் சார் பத்திரம். பெர்மனென்ட் மை ஊத்தினா நாக்கு அடைச்சுக்கும், நிப்பை அரிச்சிடும். விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் ராயல் ப்ளூதான் போடச் சொல்றாங்க" என்று அவர் சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. சுற்றி நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் சொல்ல நினைத்து முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

பேனாவுக்குப் பத்திரம் என்கிறார்கள். சரி. எழுத்துக்கு?

பேனா எதற்காக இருக்கிறது? எழுதுவதற்கு. எழுத்து எதற்காக? இன்னொருவர், இன்னொரு நாளில் படிப்பதற்கு. பேனா கெடாமல் இருந்து எழுத்து அழிந்துபோனால், பாத்திரம் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று சமைக்காமல் விட்டது போலத்தான். மை வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'இது என் பேனாவை என்ன செய்யும்' என்பதல்ல, 'இது என் எழுத்தை எத்தனை நாள் காப்பாற்றும்' என்பதுதான்.

ராயல் ப்ளூ என்பது ஒரு நிறத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு குணத்தின் பெயரும்கூட. பல புட்டிகளில் 'வாஷபிள்' என்று அவர்களே நேர்மையாகப் போட்டிருப்பார்கள். துவைத்தால் போய்விடும் என்று அர்த்தம். அந்தச் சாயம் தண்ணீரில் கரைவது. தாளின் நாரை இறுகப் பிடித்துக்கொள்வதில்லை. வெயிலிலும் வெளுத்துப் போகும்.

ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் பவுண்டன் பேனாவில் எழுதிப் பழகுவது வழக்கம். அவர்களுக்கு ராயல் ப்ளூதான். பிழை வந்தால் அழிப்பதற்கு இரண்டு முனை உள்ள ஒரு பேனா விற்கிறார்கள். ஒரு முனையால் தடவினால் எழுத்து கண்ணெதிரே மறைந்துவிடும். மறுமுனையால் அதன்மேல் திருத்தி எழுதலாம். சாயம் தாளைவிட்டு எங்கேயும் போவதில்லை; ரசாயன மாற்றத்தால் நிறத்தை மட்டும் இழந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு தடவலில் மறைந்துபோகிற அதே மையால் நாம் காசோலையில் தொகையை எழுதுகிறோம், உயிலில் வாரிசின் பெயரை எழுதுகிறோம். வேறொருவர் அழித்து எழுத நாமே இடம் விட்டுக் கொடுத்த மாதிரி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தபால் இலாகாவில் தெரிந்துகொண்டேன்.

1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலை அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது நான் டெல்டாவில் ஒரு சின்ன ஊர் தபால் ஆபீஸில் கிளார்க். எங்கள் கட்டடத்தின் ஓடு பாதி பறந்துவிட்டது. பட்டுவாடா ஆகாமல் இருந்த இரண்டு பை தபால் தண்ணீரில் ஊறிப்போயிற்று. வெயில் வந்ததும் மேஜை, பெஞ்சு, ஜன்னல் கட்டை என்று இடம் கிடைத்த இடத்திலெல்லாம் கார்டுகளையும் இன்லண்ட் லெட்டர்களையும் பரப்பிக் காய வைத்தோம்.

காய்ந்ததும் அவை தாமாகவே மூன்று வகையாகப் பிரிந்தன. பால் பாயிண்ட் பேனாவில் எழுதியவை அப்படியே இருந்தன. அதன் மை எண்ணெய்ப் பசை, தண்ணீர் ஒன்றும் செய்யாது. ப்ளூ-ப்ளாக்கில் எழுதியவை சுற்றிலும் லேசாக நீலம் கசிந்திருந்தாலும் எழுத்து கறுப்பாக நின்றது. மூன்றாவது வகை ராயல் ப்ளூ. போஸ்ட் கார்டில் நீலத் திட்டுத்திட்டாக மேகம் மாதிரி இருந்தது. இன்லண்டில் இன்னும் மோசம். தாளே நீலம், மையும் நீலம். எங்கே எழுதியிருந்தார்கள் என்பதே தெரியவில்லை.

பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்துவிட்டது. ஆறு இலக்கம் தெரிந்தால் ஊர் வரைக்குமாவது கடிதம் போய்ச் சேரும், ஊருக்குள் தபால்காரர் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்த ஆறு இலக்கமும் அதே மையில்தானே எழுதப்பட்டிருக்கும்? விலாசம் தெரியாத கடிதங்கள் ஆர்.எல்.ஓ.வுக்குப் போகும். அதன் பழைய பெயர் டெட் லெட்டர் ஆபீஸ். அங்கே பிரித்துப் பார்த்து, உள்ளே அனுப்பியவர் விலாசம் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். உள்ளேயும் கரைந்திருந்தால் அந்தக் கடிதம் நிஜமாகவே செத்த கடிதம்தான்.

ஒரு கார்டு மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. விலாசப் பக்கம் முழுவதும் போய்விட்டது. பின்பக்கத்தில் கீழ்மூலை மட்டும் நனையாமல் தப்பியிருந்தது. அதில் இரண்டு வார்த்தைகள்: 'உடனே புறப்பட்டு'. யார், யாருக்கு, எங்கே புறப்பட வேண்டும் என்று ஒன்றும் தெரியவில்லை. பெண் எழுத்து மாதிரி இருந்தது. நானும் போஸ்ட்மேனும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். கடைசியில் மற்றவற்றோடு கட்டி அனுப்பிவிட்டோம். அவர் புறப்பட்டாரா என்று நாற்பத்தெட்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் பேனாவில் ராயல் ப்ளூ ஊற்றியதில்லை.

'இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்?' என்பார்கள். அதனால்தான் சொல்கிறேன். அவசரமானது, அற்பமானது எல்லாம் செல்போனுக்குப் போய்விட்டது. கையால் எழுதுவது என்று மிச்சமிருப்பதெல்லாம் நிற்க வேண்டியவைதான். வம்சாவளி, குடும்பக் கணக்கு, யாருக்கு என்ன கொடுத்தோம் என்கிற குறிப்பு, அம்மாவின் சமையல் பக்குவம், உயில். நம் சட்டப்படி உயிலை வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும். ஆக, அந்த ஒற்றைத் தாள்தான் எல்லாம். நாம் போன பிறகுதான் அதைப் பிரிப்பார்கள். 'இது ஒன்றா ஏழா' என்று கேட்க அப்போது நாம் இருக்க மாட்டோம்.

சரி, அழியாத மை என்றால் என்ன? நம் முன்னோர்களுக்குத் தெரிந்ததுதான். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் மாசிக்காய். இரண்டிலும் இருப்பது துவர்ப்புச் சத்து. அது அன்னபேதியில் உள்ள இரும்போடு சேர்ந்து, தாளில் பட்டு, காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லக் கறுக்கும். அந்தக் கறுப்பு தண்ணீரில் கரையாது. எழுதும்போது நிறம் மங்கலாக இருக்கும் என்பதால் கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம் கலந்தார்கள். நீலமாக எழுதி மறுநாள் கறுப்பாவதால் ப்ளூ-ப்ளாக் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை இந்த வகை மையில்தான் எழுதி வந்தார்கள்.

இப்போது நண்பரின் ஆட்சேபணைக்கு வருகிறேன். அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. தொட்டு எழுதும் பழைய இரும்பு முள்கள் துருப்பிடித்ததை நாமே பார்த்திருக்கிறோம். அளவு மீறிய பழைய மைகள் தாளையே அரித்ததும் உண்டு. ஆனால் பவுண்டன் பேனாவுக்கென்று செய்கிற மையில் இரும்பு மிகக் குறைவு. நம் ஐ.எஸ். 220 தரத்தில் அது 0.1 சதவீதம். தங்க நிப்பை அது ஒன்றும் செய்யாது. இன்றைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்பும் தாங்கும். அடைத்துக்கொள்வது, பேனாவில் மையைக் காய விடுவதால் வருவது. மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் வேண்டாம், எபொனைட் பேனாவின் நிறம் கெட்டுவிடும். தினமும் பல் தேய்க்கிற நமக்கு மாதம் ஒருமுறை பேனா கழுவுவது பெரிய பாடா?

'அப்படியானால் பால் பாயிண்டிலேயே எழுதலாமே?' என்றும் கேட்டார். எழுதலாம், தப்பில்லை. ஆனால் என் விரல் மூட்டுகளுக்கு அழுத்தி எழுத முடியவில்லை. பவுண்டன் பேனாவை அழுத்த வேண்டாம், தாளில் வைத்தாலே எழுதும். வயதானவர்களுக்கு அது அலங்காரப் பொருள் இல்லை, வசதி.

கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புட்டியில் ப்ளூ-ப்ளாக் என்று போட்டிருப்பதால் உள்ளே இரும்பு இருக்கும் என்று நம்பாதீர்கள். இப்போது பலவற்றில் அது வெறும் நிறத்தின் பெயர். பெலிக்கன் 4001 ப்ளூ-ப்ளாக், பிளாட்டினம் ப்ளூ-ப்ளாக், டயமைன் ரெஜிஸ்ட்ரார்ஸ் இவை இரும்பு மைகள். கறுக்காத சுத்த நீலமே வேண்டும் என்றால் பிளாட்டினத்தில் பிக்மென்ட் நீலம் உண்டு. அது கரையும் சாயம் இல்லை, நுண்ணிய வண்ணத்துகள். ஆனால் பேனாவில் காய்ந்தால் கழுவுவது கஷ்டம்; தினமும் எழுதுகிறவர்கள் மட்டும் ஊற்றலாம். படம் வரைகிற வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க்கை மட்டும் பவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது. ஒரு மையோடு இன்னொரு மையைக் கலக்கவும் கூடாது, திரிந்துவிடும்.

விலையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஜப்பானிலிருந்து 50 மில்லி புட்டிகளில் விதவிதமான நீலங்கள் வருகின்றன. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கொடுக்கிற காசு நிறத்துக்கும் கண்ணாடிப் புட்டிக்கும்தான். விலை கூடியதால் மட்டும் எழுத்து தண்ணீரில் நிற்காது.

எந்தப் புட்டியானாலும் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதப் போகிற அதே தாளில் நான்கு வரி எழுதி இரண்டு நாள் விடுங்கள். இரும்பு மை கறுக்க நேரம் வேண்டும். பிறகு இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் போடுங்கள். இன்னொன்றைப் பாதி அட்டையால் மூடி, வெயில் படுகிற ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். இரண்டிலும் எழுத்து தெரிந்தால் அந்த மையை நம்பலாம். கடைக்காரர் பேச்சும் வேண்டாம், என் பேச்சும் வேண்டாம்.

ராயல் ப்ளூவே கூடாது என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி. சட்டையில் பட்டால் அம்மா திட்டாமல் இருப்பாள். மளிகைச் சீட்டும் குறுக்கெழுத்தும் அதில் எழுதலாம். மறந்துபோகலாம் என்பதற்கு மட்டும் ராயல் ப்ளூ.

நண்பர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்து, மடித்த தாள் ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார். டம்ளரில் போட்டு எடுத்துக் காய வைத்த துண்டு. வெறும் நீலக் கறை. "என் பெயரை எழுதித்தான் போட்டேன் சார்" என்றார்.

உயிலைத் திருப்பி எழுதப் போகிறாராம். டைரியை மட்டும் ராயல் ப்ளூவில்தான் எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். அதற்கு இன்னொரு நாள் சண்டை போட வேண்டும்.