அந்த வாரம் கிடைத்த டிரான்சிஸ்டர்

பாசிர் ரிஸ் எம்ஆர்டி நிலையக் கட்டண வாயிலுக்கு வெளியே சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு சந்தை நடக்கிறது. கடையும் இல்லை, கூவலும் இல்லை. கேரோசல் செயலியில் பேரம் முடித்தவர்கள் வந்து நின்று பொருளைக் கைமாற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தைத் தள்ளுவண்டி, இரண்டு முறை போட்ட காலணி, பிரிக்காத ஏர் ஃபிரையர். எப்போதாவது ஒருவர் துணிப்பைக்குள்ளிருந்து மூன்று குமிழ்கள் வைத்த தகரப் பெட்டி ஒன்றை எடுப்பார். கிட்டாரின் ஓசையைக் கிழித்துக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல் அது. வாங்க வருகிறவர் கிட்டார் கொண்டுவருவதில்லை. ஸ்க்ரூடிரைவர்தான் கொண்டுவருகிறார்.

“பிரிச்சுப் பார்த்துக்கலாமா அண்ணே?”

“பாருங்க தம்பி. ஸ்க்ரூவை மட்டும் தொலைச்சிராதீங்க, அதுவும் ஒரிஜினல்தான்.”

அடித்தகடு கழன்றதும் மட்கிய நுரைப்பஞ்சு பொடியாக உதிர்கிறது. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடுவது ஓர் எண்ணை: குமிழுக்கு அடியில் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் பொறித்த 1377342. முதல் மூன்று இலக்கம் செய்தவரின் குறி. 137 என்றால் அமெரிக்காவின் சி.டி.எஸ். நிறுவனம், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு வாரம். ஆக, 1973, 42ஆவது வாரம்; அக்டோபர் நடுப்பகுதி. அதற்கு முன் அந்தப் பெட்டி பிறந்திருக்க முடியாது. அதற்குப் பின் எவ்வளவு நாள் கழித்து என்று எண் சொல்லாது. உதிரி பாகம் தொழிற்சாலை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கலாம். நடுவில் யாரோ மாற்றியும் இருக்கலாம். அதனால் மூன்று குமிழ்களின் எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கின்றனவா, ஈயப் பற்று மங்கலாக இருக்கிறதா, பளபளக்கிறதா என்று பார்வை அடுத்த இடத்துக்குப் போகிறது. பளபளத்தால் கை பட்டிருக்கிறது என்று பொருள்.

இந்தக் கண்ணோட்டத்துக்கு அதிகம் வேலை வைப்பது ‘பிக் மஃப்’. நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் நடத்திய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1969இல் தொடங்கிய பெடல். சுற்றை வடிவமைத்தவர் பாப் மையர். முதல் வகையில் குமிழ்கள் முக்கோணமாக நிற்கும். 1973 வாக்கில் வந்ததில் மூன்றும் ஒரே வரிசை, முகப்பின் மூலையில் ஒரு தலை. அதை ஆட்டுக்கிடாத் தலை என்று சேகரிப்பவர்கள் அழைக்கிறார்கள். பிறகு கறுப்பும் சிவப்பும் எழுதிய பெட்டி, அதற்குள்ளேயே டிரான்சிஸ்டரை விட்டுவிட்டு ஐசி போட்ட ஒரு கிளை. கம்பெனி நொடித்து, மேத்யூஸ் ரஷ்யாவுக்குப் போய், 1990களில் ‘சோவ்டெக்’ என்ற பெயரில் செய்தவை தனிக் குடும்பம்: சாம்பல் நீலம், ராணுவப் பச்சை, கறுப்பு. பெயர் ஒன்றுதான். இவ்வளவையும் வரிசைப்படுத்தி, பலகை பலகையாகப் படம் பிடித்து ஆவணமாக்கிய கிட் ரே, தொழிலால் கற்பனை வாள்களை வடிவமைப்பவர். பொறியாளர்கள் விட்ட வேலையை ஒரு வாள்காரர் எடுத்துச் செய்திருக்கிறார்.

வகைகளைப் பற்றிப் பேசும்போது சேகரிப்பாளர்கள் கலைஞனின் பருவங்களைப் பற்றிப் பேசும் தொனிக்குப் போய்விடுகிறார்கள். முக்கோணக் காலம், கிடாத்தலைக் காலம். உள்ளே இருப்பதைப் பார்த்தால் அந்தத் தொனி கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது. ஒரே ஆண்டு, ஒரே முகப்பு, ஆனால் ஒன்றில் ஒரு ரெசிஸ்டர் வேறு. இன்னொன்றில் 2என்5133 டிரான்சிஸ்டருக்குப் பதில் வேறொன்று. யாரும் உட்கார்ந்து காதால் கேட்டு மாற்றியதாகத் தெரியவில்லை. கொள்முதல் பார்த்தவருக்கு அந்த வாரம் எது மலிவாகக் கிடைத்ததோ அது உள்ளே போயிருக்கிறது. இன்று ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் ‘அரிய வகை’ பலவும் கணக்குப்பிள்ளை கைவண்ணம்.

ஃபஸ்ஸின் பிறப்பே இப்படித் தற்செயல்தான். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் பிரபலமான ‘டோன்ட் வொரி’ ஒலிப்பதிவில் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ், பழுதான ஒலிக்கலவைக் கருவி வழியே உறுமலாக வெளிவந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதைத் திரும்பச் செய்ய ஒரு சுற்றைக் கட்டினார். கிப்சன் நிறுவனம் வாங்கி 1962இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் எஃப்.இசட்-1’ என்று விற்றது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், இரண்டு 1.5 வோல்ட் பேட்டரி. ஆரம்பத்தில் பெரிதாக எடுபடவில்லை. 1965 பிப்ரவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் சிங்கப்பூர் பேட்மின்டன் அரங்கில் வாசித்துவிட்டுப் போனபோது கீத் ரிச்சர்ட்ஸ் அந்த ஓசையை உலகறியச் செய்த பாட்டு பிறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, மே மாதம், ஹாலிவுட்டில் ‘சாட்டிஸ்ஃபேக்ஷன்’ பதிவானது. அதன் பிறகு விற்பனை பறந்தது. அதே ஆண்டில் வந்த எஃப்.இசட்-1ஏ ஒரே ஒரு 1.5 வோல்ட் பேட்டரியில் ஓடும். வெளியே பார்க்க அண்ணன் தம்பி. பேட்டரி இடுக்கைப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

லண்டனில் கேரி ஹர்ஸ்ட் 1965இல் ‘டோன் பெண்டர்’ செய்தார். ‘ஃபஸ் ஃபேஸ்’ 1966. ஒலிவாங்கித் தண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்து ஐவர் ஆர்பிட்டருக்குத் தோன்றிய உருவம் என்பார்கள். இரண்டு குமிழ் கண், நடுவில் சிரிக்கும் வாய். அந்தச் சிரிப்புக்குள் இருப்பது பதினோரு பாகம்: நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு வால்யூம் கண்ட்ரோல், இரண்டு டிரான்சிஸ்டர். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது இதைத்தான். முதலில் நியூமார்க்கெட் கம்பெனியின் என்.கே.டி.275 என்ற ஜெர்மானியம். 1960களின் கடைசியில் பி.சி.108 போன்ற சிலிக்கன். ஆளைப் பிரிப்பது சிவப்பா சாம்பலா நீலமா என்பதல்ல, அந்த இரண்டு சின்ன உலோகத் தொப்பிகள். பெயிண்டை எவரும் அடிக்கலாம். தொப்பியில் அச்சான எண்ணைப் போலியாக்குவது கொஞ்சம் சிரமம். சிரமம்தான், முடியாததல்ல. அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

ஜப்பான் பெடல்களில் தலைவலி வேறு மாதிரி. ஷின்-எய் தொழிற்சாலை செய்த ‘சூப்பர்-ஃபஸ்’ அமெரிக்காவில் யூனிவாக்ஸ், பிரிட்டனில் ஷாஃப்ட்ஸ்பரி, வேறு ஊர்களில் வேறு என்று பல பெயர்களில் போயிற்று. ஒரே சமையல்கட்டு முறுக்கை நாலு கடை நாலு பெயரில் பொட்டலம் போட்ட கதை. மேல் பெயரை நம்பி வாங்கியவர் ஒரே பெடலை மூன்று தடவை வாங்கிய அனுபவம் இந்த வட்டாரத்தில் அபூர்வமல்ல. எந்த வகுப்பும் வேண்டாம், சுற்றுப் பலகையின் கோடுகளை மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார்கள் பழையவர்கள். சூப்பர்-ஃபஸ்ஸைக் காதாலும் பிடிக்கலாம்: வாசிக்கும் சுரத்தோடு மேல்ஸ்தாயிச் சுரம் ஒன்றும் சேர்ந்து கீச்சிடும்.

சிங்கப்பூருக்கு இந்தக் கதையில் பார்வையாளர் இருக்கை மட்டும் அல்ல. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் ஹேப்பி வேர்ல்டில் வாசித்ததும் ஊரெங்கும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. ரெஜி வெர்கீஸ் கிட்டார் வாசித்த குவெஸ்ட்ஸ், சிவா சோய், ஜேம்ஸ் சோய் சகோதரர்களின் சைக்ளோன்ஸ், ஸ்ட்ரேடாக்ஸ், மலாய் மொழியில் ‘பாப் யே யே’ என்று ஓடிய பெரிய அலை. பத்தாண்டின் பின்பாதியில் வந்த இசைத்தட்டுகளைக் கேட்டால் கரகரப்பு தெளிவாகக் காதில் விழும். ‘ஸ்டீம் கோடோக்’ போன்ற தொகுப்புகளை வெளிநாட்டு ரசிகர்கள் தேடி வாங்குவது அந்தக் கரகரப்புக்காகவே. எந்தப் பெட்டியில் வாசித்தார்கள் என்ற கேள்விக்கு இசைத்தட்டின் உறையில் பதில் கிடையாது.

மெட்ராஸிலும் அதே கேள்வி. சிகரெட் கம்பெனி ஆதரவில் நடந்த சிம்லா பீட் போட்டியின் இசைத்தட்டில் மெட்ராஸ் குழுவான கன்ஃப்யூஷன்ஸ் வாசித்திருக்கிறது. இறக்குமதி இறுகிக் கிடந்த காலம். ஆம்பிளிஃபையர் தொடங்கி அந்தக் காலத்து இந்தியக் குழுக்கள் உள்ளூர் மெக்கானிக்கை வைத்துக் கட்டிக்கொண்டவை ஏராளம். அப்படிக் கட்டியதற்குப் பெயர் இல்லை, தேதிக் குறி இல்லை. பெயரும் குறியும் உள்ளதை மட்டும் போற்றுகிற சேகரிப்புக் கலை இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. லண்டனில் விற்றதற்கு ஏலம், மெட்ராஸ் ரிச்சி தெரு ஆசாமி கட்டியதற்குக் காயலான் கடை. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய ஓட்டை இது.

உள்ளே போகும் பாகங்களின் கதையிலும் இந்த வட்டாரம் உண்டு. 1968, 69 ஆண்டுகளில் நேஷனல் செமிகண்டக்டர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், எஸ்.ஜி.எஸ். போன்ற நிறுவனங்கள் சிங்கப்பூரில் ஆலை திறந்தன. அடுத்து மலேசியா. பெடல் உலகில் பெரிதும் தேடப்படும் 4558 ஐசியின் ஒரு வகையில், எண்ணுக்குக் கீழே ‘மலேசியா’ என்றே அச்சிட்டிருக்கும். அந்த ஒரு சொல் இருந்தால் பழைய டியூப் ஸ்க்ரீமர் பெடலுக்கு மவுசு கூடும். எல்லைக்கு அப்பால், பேருந்து தூரத்தில் உள்ள நாட்டின் பெயருக்கு ஓஹையோவில் உள்ளவர் கூடுதல் காசு கொடுக்கிறார்.

பாசிர் ரிஸ் அடுக்குமாடிகள் 1980களில் எழுந்தவை, ரயில் வந்தது 1989இல். ஐந்தறை வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டிகள் பேட்டையைவிட மூத்தவை. பருவநிலை மட்டும் அவற்றுக்குச் சிற்றன்னை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் எப்போதும் ஒரு கசிவு மின்னோட்டம் இருக்கும். வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். லண்டன் குளிரில் சரிசெய்த சுற்று இங்கே 31, 32 டிகிரி பகலில் நிலை தடுமாறுகிறது. ஃபஸ் ஃபேஸின் இரண்டாவது டிரான்சிஸ்டரில் 9 வோல்ட்டில் பாதி, அதாவது 4.5 வோல்ட் வாக்கில் நிற்க வேண்டிய அளவு நகர்ந்துவிட்டால் சுரம் நீளாது. இருமி இருமிச் செத்துப்போகும். ஏர்கான் போட்ட அறையில் நன்றாக வாசித்த பெடலைத் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோய் அவமானப்பட்டவர்கள் உண்டு. டிரான்சிஸ்டரைச் சோதனைக் கருவியில் செருகியதும் எண்ணைப் படிக்கக் கூடாது. விரல் சூடு ஆறும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிவையே பெருக்கம் என்று கருவி காட்டும். முதல் டிரான்சிஸ்டருக்குப் பெருக்கம் 70, 80, இரண்டாவதற்கு 120 அக்கம்பக்கம் என்பது கட்டுபவர்களிடையே புழங்கும் கணக்கு. 1966 தொழிற்சாலை இவ்வளவு பார்த்துப் பொறுக்கியதில்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஃபஸ் ஃபேஸ்கள் இரண்டு குரலில் பேசுவது அதனால்தான். நல்ல குரலுக்குக் காரணம் வகை எண் அல்ல, அதிர்ஷ்டம்.

ஈரப்பதம் இன்னொரு பகை. கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரிக்குள் லென்ஸுக்குப் பக்கத்தில் பெடலும் உட்காருகிறது. உடைந்த பாகத்துக்கு மாற்று வேண்டுமென்றால் சிம் லிம் டவர்; தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். (சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அது வேறு புராணம்.) பழையதே வேண்டுமென்றால் முன்பு சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. உடைந்த ரேடியோவைக் கிலோ கணக்கில் வாங்கி, உள்ளிருக்கும் ஓ.சி. வரிசை டிரான்சிஸ்டர்களைக் கழற்றிக்கொள்ளலாம். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. இப்போது எல்லாம் கப்பலிலும் அஞ்சலிலும் வர வேண்டும்.

கழற்றி மாட்டுவதில்தான் சண்டை. ஐம்பது வயதான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ளே வறண்டுபோயிருக்கும். மாற்றினால் பெடல் பாடும், மாற்றாவிட்டால் விலை பாடும். பூட்டி வைக்கிறவர்கள் தொடாதே என்கிறார்கள், வாசிக்கிறவர்கள் மாற்று என்கிறார்கள். வாசிக்கிறவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். ஊமைப் பெடலை வைத்துக்கொண்டு அதன் ஓசையைப் பற்றி வாதாடுவது என்ன நியாயம்? ஆனாலும் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு நடைமுறை இருக்கிறது. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறிவதில்லை. சின்ன ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது என்று எழுதி, அடித்தகட்டுக்கு உட்புறம் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்து வாங்குகிறவர் திருகைக் கழற்றியதும் முதலில் அந்தப் பையைத்தான் கேட்கிறார். இல்லையென்றால் பேரம் கீழேயிருந்து தொடங்கும்.