எழுத மேட்டர் இல்லையா பாஸ்?

பணத்தைப் பத்தி எழுத ஆரம்பிச்சு, நாலாவது வாரமே "மேட்டர் இல்ல"ன்னு நிறுத்திட்டீங்களா? ஐடியா தானா வரும்னு காத்திருந்தா வராது. தீபாவளி ஒரு நாள்தான், ஆனா சிவகாசியில பட்டாசு வேலை மாசக்கணக்கா நடக்குது.

பக்கத்துல விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பாருங்க. உளுந்து, துவரம்பருப்பு, வத்தல், எண்ணெய்னு அதே சரக்குதான், விலைதான் மாறும். இருந்தும் வாராவாரம் பேப்பர்ல தேடிப் படிக்கிறாங்க. அவங்க மளிகை பில் அதுல இருக்கே!

உங்க சரக்கு உங்க சம்பளச் சிலிப். இன்னைக்கு உறுத்துன ஒரு செலவு, ஆபீஸ்ல ஒருத்தர் கேட்ட பிஎஃப் சந்தேகம்னு தினமும் ராத்திரி போன்ல ஒரு வரி குறிச்சு வைங்க. ஞாயிறு காலையில அதுல ஒண்ணை எழுதுங்க. (சனிக்கிழமை தூங்குங்க, தப்பில்ல.) நீங்க எழுதலைன்னா, அந்த ஆபீஸ் நண்பர் அடுத்துப் போய்க் கேக்கிறது கமிஷனுக்கு பாலிசி விக்கிறவர்கிட்டதான்.